கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்

பந்தயப் படகின் அவுட்போர்டு மோட்டார் இழுக்கவில்லை என்றதும் பலருடைய கை நேராகக் கார்புரேட்டர் திருகுக்குப் போகும். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, திருகினால் சத்தமும் மாறுகிறது. சத்தம் மாறியதையே குணமானதாக எடுத்துக்கொள்கிறோம். என் முறையில் அந்தத் திருகுக்குக் கடைசி இடம்தான்.

அமெரிக்க ஏரிகளில் நாங்கள் ஓட்டுபவை பெரும்பாலும் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மோட்டார்கள். ஐம்பதுகளில் வந்த மெர்குரி மார்க் 20ஹெச் இன்னும் ஓடுகிறது. ஜப்பானியப் பந்தயங்களில் உழைத்து ஓய்ந்த, சுமார் 400 சிசி யமாட்டோ மோட்டார்களும் இங்கே வந்து மறுபிறவி எடுக்கின்றன. 1952இல் ஒமுராவில் தொடங்கிய அந்தப் பந்தயங்களில் மக்கள் யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டுகிறார்கள். ஓட்டுபவருக்குச் சொந்த மோட்டார் கிடையாது. குலுக்கலில் விழுந்ததைத்தான் ஓட்ட வேண்டும். அதன் குறையை அறிந்து சரிசெய்வதும் அவர் பொறுப்பு.

இரண்டு சிலிண்டர் இருப்பது மெக்கானிக்குக் கிடைத்த வரம். இந்த மோட்டார்களில் கார்புரேட்டர், பெட்ரோல், படகின் சுமை எல்லாம் இரண்டுக்கும் பொது. பிளக், பிஸ்டன், ரிங், கிராங்க் அறை எல்லாம் தனித்தனி. இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் வயிற்றுவலி வந்தால் வீட்டுச் சமையலை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆகவே முதல் கேள்வி: படுத்திருப்பது ஒரு சிலிண்டரா, இரண்டுமா?

பதில் பிளக்கில் இருக்கிறது. முழு வேகத்தில் ஓடும்போதே இக்னிஷனை அணைத்துவிட்டுக் கழற்ற வேண்டும். மெதுவாக ஓட்டிக் கரைக்கு வந்தால் மெதுவாக ஓடிய நிறம்தான் தெரியும். இளம்பழுப்பு நல்லது. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது சூடு மிஞ்சுகிறது. கறுத்து நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஸ்பார்க் வரவில்லை. பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. அன்றைய ஓட்டத்தை அத்தோடு நிறுத்துங்கள்.

ஒன்று மட்டும் கெட்டிருந்தால் பிளக்குகளை இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறும் கூடவே போனால் பிளக்தான் குற்றவாளி. போகவில்லை என்றால் திராட்டிலை முழுக்கத் திறந்து இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிங், பிஸ்டன், கேஸ்கெட் பக்கம் போக வேண்டும்.

கம்ப்ரஷனும் ஸ்பார்க்கும் சரி, ஆனால் ஒரு பிளக் மட்டும் வெளுக்கிறது என்றால் ஆயில் சீலைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறைதான் பம்ப். மேல் சிலிண்டருக்கு மேலே, ஃப்ளைவீலுக்குக் கீழே ஒரு சீல்; கீழ் சிலிண்டருக்கு அடியில் இன்னொரு சீல். ஒன்று தேய்ந்தாலும் அந்த வழியாகக் காற்று புகுந்து, அந்தச் சிலிண்டருக்கு மட்டும் பெட்ரோல் விகிதம் குறையும். திராட்டிலை மூடிய பிறகும் வேகம் இறங்க மறுப்பது இதன் அடையாளம். உட்புகு வழியையும் புகை வழியையும் அடைத்து, ஐந்தாறு பிஎஸ்ஐ காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழி வரும்.

இந்த நிலையில் கார்புரேட்டரைத் திருகினால் என்ன ஆகும்? வெளுத்த சிலிண்டருக்காகப் பெட்ரோலைக் கூட்டுவீர்கள். அதே கார்புரேட்டர் நல்ல சிலிண்டரையும் மூழ்கடிக்கும். ஒரு கோளாறு இரண்டாகும். சத்தம் மட்டும் மாறியிருக்கும்.

இரண்டு சிலிண்டரும் சேர்ந்து சோர்ந்தால் பெட்ரோல் வரும் வழியைப் பாருங்கள். வேகம் விழும்போது குழாயிலுள்ள கைப்பம்பை அழுத்தினால் மோட்டார் எழுகிறதா? எழுந்தால் பம்ப் டயாஃப்ரம், வடிகட்டி, டேங்கின் காற்றுத்துளை ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு இருக்கிறது. பாதுகாப்புக்கென்று ஆயிலைக் கூட்டிக் கலந்தீர்களா? கார்புரேட்டரின் ஜெட் வழியாகப் போகும் கலவையில் ஆயில் கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். அதுவும் பிளக்கை வெளுக்க வைக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மோட்டாரை விட்டுப் புரொப்பல்லருக்கு வாருங்கள். சுற்று ஏறியும் படகு நகரவில்லை என்றால் புரொப்பல்லர் காற்றைப் பிடிக்கிறது: மோட்டார் மிக உயரமாக மாட்டப்பட்டிருக்கும், அல்லது இலை வளைந்திருக்கும். சுற்றே ஏறவில்லை என்றால் பிட்ச் அதிகமாக இருக்கலாம். தண்ணீர் டிரம்மில் மோட்டாரை ஓட்டி இதைக் கண்டுபிடிக்க முடியாது. படகும் ஆளும் ஏறிய சுமையோடு ஓட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். இத்தனையும் பார்த்த பிறகும் இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி வெளுத்தோ கறுத்தோ வந்தால், அப்போது தாராளமாகக் கார்புரேட்டரைத் தொடலாம்.