கட்டையில் ஒட்டிய கன்னம்

வெயில் ஏறுவதற்குள் பள்ளத்தைப் பார்த்துவிடலாம் என்று பயிற்சியாளர் முன்னே நடந்தார். ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சுடுதளம். பறக்கும் தட்டைச் சுடும் ஒலிம்பிக் டிராப் போட்டியின் உயிர் இந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. தரையோடு தரையாகக் கூரை போட்ட நீளமான அறை, உள்ளே தட்டு எறியும் இயந்திரங்கள். விதிப்படி மும்மூன்றாக ஐந்து தொகுதி, மொத்தம் 15. ஒவ்வொன்றுக்கும் வேறு கோணம், வேறு உயரம். பள்ளத்துக்கு 15 மீட்டர் பின்னால் ஐந்து நிலைகள். அங்கே நிற்பவர் குரல் கொடுத்தால் மைக் அதைப் பிடித்து, எதிரே உள்ள மூன்றில் ஒன்றை இயக்கிவிடும். எது என்று அவருக்குத் தெரியாது. தட்டு நேராகவும் ஓடலாம், இடமோ வலமோ 45 டிகிரி வரை சாய்ந்தும் போகலாம். அடிபடாமல் தப்பினால் 76 மீட்டர் தள்ளிப் போய் விழும்.

ஒரு தட்டைக் கையில் கொடுத்தார். 110 மில்லிமீட்டர் விட்டம், 105 கிராம் எடை. தார்ப்பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து அச்சில் வார்த்தது. கட்டைவிரலால் விளிம்பை அழுத்தினேன், பொட்டென்று உடைந்தது. வானத்தில் இது தூளாகச் சிதற வேண்டும் என்பதில்லை. பார்வைக்குத் தெரிகிறமாதிரி ஒரு துண்டு பெயர்ந்தாலே புள்ளி கிடைத்துவிடும்.

மேலே வந்தபோது அன்று பயிற்சிக்கு வந்தவர்கள் துப்பாக்கிகளை நடுவில் மடித்துத் திறந்து முன்கையில் தொங்கவிட்டபடி நின்றார்கள். மேலும் கீழுமாக இரு குழல், 12 போர், நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. தன் நிலைக்குப் போய் நின்ற பிறகுதான் தோட்டா போட வேண்டும், நகரும்போது திறந்தே இருக்க வேண்டும் என்பது இங்கே முதல் பாடம்.

டிராப்பையும் புதுக்கோட்டையையும் சேர்த்துப் பேசினால் பிருத்விராஜ் தொண்டைமான் பெயர் வந்தே தீரும். தொண்டைமான் அரச குடும்பத்தில் 1987இல் பிறந்தவர். 2023 மார்ச்சில் தோஹா உலகக் கோப்பையில் தனிநபர் வெண்கலம் வாங்கினார். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து இருவருடனும் சேர்ந்து அணித் தங்கம். 375 தட்டுக்கு 361. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 125க்கு 118 உடைத்தார். கிடைத்தது 21ஆம் இடம். இரண்டு நாளில் தவறியது ஏழே தட்டு, அதற்கே 20 பேர் முன்னால் போய்விட்டார்கள். இந்த விளையாட்டின் கடுமையை எனக்குப் புரியவைத்த கணக்கு இதுதான். இங்கே திறமை என்பது பெரும்பாலும் தவறாமல் இருப்பது.

அன்று புதிதாக வந்திருந்தவர் ஆலங்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர். வந்ததும் வராததுமாக எந்த நிறுவனத் துப்பாக்கி என்று அவர் கேட்ட கேள்வி: "சார், பெராஸி வாங்கலாமா, பெரெட்டா வாங்கலாமா?"

"அது அப்புறம் தம்பி. முதல்ல உங்க கண்ணைப் பார்ப்போம்."

இரு கையையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்னத் துவாரம் விட்டு, இரண்டு கண்ணும் திறந்தபடி தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்க்கச் சொன்னார். அப்படியே கைகளை முகத்தருகே கொண்டுவந்தால் துவாரம் ஆதிக்கக் கண்ணுக்குத் தானாகப் போய்ச் சேரும். மாணவருக்கு வலது கண், தோளும் வலது. மாறியிருந்தால், எவ்வளவு விலை கொடுத்த துப்பாக்கியும் குறிக்குப் பக்கத்தில்தான் சுட்டுக்கொண்டிருக்கும்.

அடுத்தது கட்டை, அதாவது துப்பாக்கியில் தோளிலும் கன்னத்திலும் படும் பின்பகுதி. கிளப் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இல்லை என்று மூவரும் பார்த்த பிறகு, ஆளில்லாத திசை நோக்கி நின்று, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றச் சொன்னார். "இப்ப கண்ணைத் திறங்க. என்ன தெரியுது?" குழலின் மேல்பட்டையே தெரியவில்லை, பூட்டின் பின்பக்கம்தான் தெரிகிறது என்றார் மாணவர். கன்னம் படும் பகுதி அவருக்குத் தாழ்வு. பயிற்சியாளர் ஆலன் சாவியால் அந்தப் பகுதியைக் கழற்றி, அடியில் மெல்லிய வளையம் ஒன்றைச் செருகி முடுக்கினார். மறுபடி ஏற்றம். இப்போது பட்டை கொஞ்சம் தெரிந்தது; நடுமணியும் முனைமணியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து 8 என்ற எண்போல இருந்தன. "இதுதான் வேணும்" என்றார்.

ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. கண்ணிலிருந்து குழல்முனைக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். ஆகவே கண் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் 35 மீட்டரில், தோட்டாவிலிருந்து பாயும் ரவை ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர் மேலே போகும். அந்த வளையம் செய்த வேலை அது. தட்டு எப்போதும் மேலேறிக்கொண்டே போவதால் டிராப் துப்பாக்கி சற்று மேலே சுடும்படிதான் அமைப்பார்கள். கட்டையின் நீளம், பக்கச் சாய்வு, தோளில் அமரும் கோணம் எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கட்டை பொருந்தாத உயர்ந்த துப்பாக்கியைவிட, பொருந்திய நடுத்தரத் துப்பாக்கி நிச்சயம் மேல். மிச்சப்படும் பணம் முழுவதையும் தோட்டாவுக்கும் பயிற்சிக்கும் போட வேண்டும். 25 தட்டுக் கொண்ட ஒரு சுற்றில், தகுதிச்சுற்று விதிப்படி ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு முறை சுடலாம். அப்படியானால் ஒரு சுற்றுக்கே 50 தோட்டா வரை தீர்ந்துவிடும்.

பிறகு சுடத் தொடங்கினார்கள். அனுபவமுள்ள ஒருவர் முதலில் நின்றார். இடது கால் அரையடி முன்னே, எடை அதன் மேல், துப்பாக்கி முன்கூட்டியே தோளில். குழல்முனை பள்ளத்தின் குறிக்குச் சற்று மேலே. கண் மட்டும் முனையில் இல்லை, அதற்கு அப்பால் வெளியில் மேய்ந்துகொண்டிருந்தது. குரல் கொடுத்தார். தட்டு வெளியே பாய்ந்ததைப் பார்த்தேன், அதற்குள் அது உடைந்திருந்தது. குரலுக்கும் வெடிச்சத்தத்துக்கும் நடுவே ஒரு விநாடிகூட இல்லை. ரவை தட்டைச் சேர ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி ஆகும். பக்கமாகப் போகும் தட்டு அதற்குள் ஒரு மீட்டர் போல நகர்ந்துவிடும். ஆகவே தட்டை முந்தி, குழல் ஓடிக்கொண்டிருக்கும்போதே விசையை அழுத்த வேண்டும். குழலை நிறுத்திவிட்டுச் சுட்டால் ரவை தட்டுக்குப் பின்னால்தான் போகும்.

மாணவரின் முறை. நேர்த்தட்டு இரண்டை உடைத்தார். வலப்பக்கம் பாய்ந்தவை வரிசையாகத் தப்பின. பயிற்சியாளர் தட்டைப் பார்க்கவே இல்லை. பின்னால் நின்று மாணவரின் கன்னத்தையே கவனித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உடைஞ்சுதான்னு பாக்கிற அவசரத்துல கன்னத்தைத் தூக்குறீங்க. கட்டையில ஒட்டுன கன்னம் ஒட்டுனபடி இருக்கணும். சுட்ட பிறகும்."

"தூக்கினமாதிரி தெரியலையே சார்."

"தெரியாது. அதனாலதான் பின்னாடி ஒரு ஆள் வேணும்."

அடுத்த நிலைகளில் கன்னம் ஒட்டியிருந்த ஒவ்வொரு முறையும், உடைந்தாலும் உடையாவிட்டாலும், "சரி" என்று மட்டும் சொன்னார். கடைசியில் வலப்பக்கத் தட்டு ஒன்று சுத்தமாகப் பிளந்தபோதும் அதே "சரி"தான். தட்டைப் பாராட்டாமல் முறையைப் பாராட்டும் இந்தக் கற்பித்தல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மற்றக் கருவிகளுக்கு வந்தால், தோட்டாவில் ரவை 24 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஏழரை எண் ரவையென்றால் ஏறக்குறைய 300 மணி. சோக் என்னும் குழல்முனைக் குறுக்கம், கிட்டத்தில் அடிக்கும் முதல் குழலுக்குச் சற்றுத் தளர்வாகவும், எட்டத்தில் அடிக்கும் இரண்டாவதற்கு இறுக்கமாகவும் இருக்கும். வண்ணக் கண்ணாடி அலங்காரம் இல்லை. பச்சைப் பின்னணியில் ஆரஞ்சுத் தட்டு தனியாகத் தெரிய அது உதவும், தெறித்து வரும் சில்லிலிருந்து கண்ணையும் காக்கும். காது அடைப்பான் இல்லாமல் நிற்கவே கூடாது. போன செவி திரும்பாது.

ஓய்வு நேரத்தில் மாணவர் தன் போனில் பிராக்டிகல் பிஸ்டல் போட்டி ஒன்றைக் காட்டினார். இடுப்பு உறையிலிருந்து உருவி, ஓடிக்கொண்டே, இலக்குகளை நேரத்தோடு போட்டியிட்டுச் சுடும் விளையாட்டு. அதற்கான சர்வதேசக் கூட்டமைப்பு 1976இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் உருவானது. அந்தப் போட்டிகளில் பரவலாகப் புழங்கும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். வேகத்தையும் துல்லியத்தையும் ஒன்றாகக் கேட்கும் விளையாட்டு வேண்டும் என்பவருக்கு நம் ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது டிராப்தான். சொந்தத் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மனு போக வேண்டியது கலெக்டர் அலுவலகத்துக்கு. புதுக்கோட்டையில் அந்த அலுவலகம் இயங்குவது தொண்டைமான்களின் புது அரண்மனையில்.

இதே மாவட்டத்தில் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது பசுமலைப்பட்டியைக் கடந்து போக எனக்கு மனம் வராது. நார்த்தாமலை அருகே இருக்கும் அந்தச் சுடுதளத்தில் 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தனர். தூரத்தில் ஒரு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அந்தப் பிள்ளை இறந்தான். ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகக்கூடியது. டிராப் ரவை 200, 250 மீட்டருக்குள் வேகமிழந்து விழுந்துவிடும். அந்த 250 மீட்டரும் வெறிச்சோடியிருந்தால்தான் அது பாதுகாப்பு. ஆடு ஓட்டிக்கொண்டு ஒருவர் குறுக்கே வந்தாலும் எல்லாத் துப்பாக்கியும் திறந்தாக வேண்டும். கருவி, நுட்பம், பதக்கம் என்று ஆசையோடு வரும் ஒவ்வொரு இளைஞருக்கும் பசுமலைப்பட்டியைச் சொல்லிவிட்டே முதல் தோட்டாவைக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சுற்று முடிந்து மாணவர் கணக்கைக் கேட்டார். 25க்கு ஒன்பது. அடுத்த முறை எத்தனை பெட்டித் தோட்டா வாங்கிவரட்டும் என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம் தம்பி. அடுத்த ஞாயிறு வெறும் துப்பாக்கியைத் தோள்ல ஏத்தி இறக்குறதுதான். நூறு தடவை ஏத்தினா நூறு தடவையும் கன்னம் அதே இடத்துல வந்து உக்காரணும். அதுக்கப்புறம் கட்டையை அளந்து எழுதித் தர்றேன். அந்த அளவை வச்சுக்கிட்டு எந்தத் துப்பாக்கின்னு பேசுவோம்."

மாணவர் சரி சார் என்று தலையாட்டிவிட்டு, தரையில் கிடந்த தன் காலித் தோட்டாக்களைப் பொறுக்கப் போனார்.