முன்பணம்

எளாவூரில் இருந்துகொண்டு பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் பிடிபடும் சேற்று நண்டை வாங்கிச் சென்னைக்கு ஏற்றி அனுப்பும் தொழில் எனக்கு. ஏரியில் நண்டு குறைந்துபோச்சு என்று இன்று ஊரே பேசுகிறது. அந்தக் குறைவில் எனக்குப் பங்கு உண்டு. விட்டிருக்க வேண்டிய நண்டை விட முடியாதபடி, பிடிக்கிறவர்களைக் கடனில் கட்டி வைத்திருந்தேன்.

பெட்டை நண்டு ஏரியில் வளர்ந்தாலும் முட்டை விடக் கடலுக்குத்தான் போகும். பொரித்த குஞ்சு முகத்துவாரம் வழியாகத் திரும்பி ஏரிக்கு வரும். இந்தப் போக்குவரத்து நின்றால் ஏரியில் நண்டு இல்லை. ஆனால் உள்ளே முட்டை நிறைந்த பெட்டைக்குத்தான் சந்தையில் அதிக விலை. கடலுக்குப் போகும் முன்பே அதைக் கேட்டு வாங்கினேன். சின்ன நண்டையும் விட்டுவைக்கவில்லை. வளர்ப்புக் குளங்களுக்கு அதை விற்றேன். பழவேற்காடு ஏரியிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்று காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்குத் தெரியும். வாங்க வந்தவரின் குளம் எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

எனக்கு நண்டு கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் இருளர்கள். கழுத்தளவுத் தண்ணீரில் கையால் துழாவிப் பிடிப்பவர்கள். பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இறால் தேடும் பெண்களும் அவர்களில் உண்டு. மழைக்காலத்திலும், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாதபோதும் அவர்களுக்கு முன்பணம் கொடுத்தேன். கொடுத்தபின் அவர்கள் வேறு யாருக்கும் விற்கக் கூடாது. நான் சொன்னதே விலை. வெளி விலையைவிட அது எப்போதும் குறைவு. அந்தக் குறைவைக் கடனிலும் நான் கழித்ததில்லை. அதனால் கடன் அப்படியே நின்றது.

ஒருநாள் ஒரு அக்கா கூடையில் இருந்த பெட்டையைத் தொட்டுக் காட்டி, "அண்ணே, இது முட்டை புடிச்சிருக்குண்ணே. போற வழியில விட்டுடட்டுமா?" என்று கேட்டார். என்னைவிட மூத்தவர். கடன்பட்டதால் என்னை அண்ணே என்றார். "விட்டா பழைய பாக்கிய யாரு குடுப்பா? போடு தராசுல" என்றேன். ஏரிமேல் அக்கறையோடு கேட்டது அவர்தான். அதை அவர் வாயிலேயே அடக்கினேன்.

எந்த மீன்பிடிச் சட்டமும் என் பக்கம் திரும்பவில்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்கிறது. படகையும் வலையையும் பார்க்கிறது. சட்டத்துக்கு வெளியே, பழவேற்காட்டு மீனவக் குப்பங்களில் இருக்கும் பாடு முறையை ஊரே கட்டிக் காத்து வருகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய துறைகளில் யார், எந்த நாளில் சுத்துவலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைக்கிறார்கள். நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடாது. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். அந்த ஏற்பாட்டின்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அதில் இருளருக்கு முறை கிடையாது. ஊர்க் கட்டுக்கு வெளியே நிற்பவர்களிடம்தான் நான் சுலபமாக உள்ளே புகுந்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கடல் மீன் வரத்து குறையும், நண்டு விலை ஏறும். கடலுக்கு ஓய்வு கொடுக்க வந்த அந்த மாதங்களில் ஏரியைத்தான் நான் அதிகம் வாட்டினேன். "இன்னும் ரெண்டு கூடை" என்று ஆள் அனுப்புவேன்.

மீன்வளம் பற்றிய ஒரு கூட்டத்தில் சின்ன நண்டைப் பிடிக்காதீர்கள் என்று அதிகாரி ஒருவர் பேசினார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "வாங்குறவன நிறுத்துங்கய்யா, புடிக்கிறது தானா நிக்கும்" என்றார். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். தேநீர் வந்ததும் பேச்சு மாறிவிட்டது.

கடைசியில் என்னை அடையாளம் காட்டியது மீன்பிடிச் சட்டமே அல்ல. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. செங்கல் சூளை, அரிசி ஆலைக்கு உரியது என்றுதான் அதை நினைத்திருந்தேன். முன்பணம் வாங்கியதற்காக ஒருவர் தன் உழைப்பில் கிடைத்த பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமையை இழந்தால் அதுவும் கொத்தடிமையே என்று அதில் எழுதியிருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. அப்படிப்பட்ட கடன் செல்லவே செல்லாது. படித்த அன்று கடன் நோட்டைத் திறந்து எல்லாப் பெயரையும் அடித்தேன். தள்ளுபடி செய்தேன் என்று சொல்லிக்கொள்ளவும் எனக்கு உரிமை இல்லை. இல்லாத கடனைத்தான் அத்தனை வருஷம் வசூலித்திருக்கிறேன்.

இப்போது முட்டை நண்டும் சின்ன நண்டும் வாங்குவதில்லை. நான் விட்ட இடத்தில் இன்னொருவர் முன்பணத்தோடு நிற்கிறார். அவரிடம் போய்ப் பேசினேன். நீ சம்பாதித்து முடித்துவிட்டாய் என்றார். அது உண்மைதான். விலையில் குறைத்த பணத்தை நான் இன்னும் யாருக்கும் திருப்பித் தரவில்லை. பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகத்தில் இதையெல்லாம் எழுதிக் கொடுத்தால் அந்தக் குடும்பங்களுக்கு விடுதலைச் சான்றிதழும் உதவியும் கிடைக்க வழி உண்டு. என்மேல் வழக்கும் வரும். அந்தப் பயத்தில் இதுவரை நான் போகவில்லை.