டெட் ஸ்டாக்

"இதுல எது நீங்க கண்டுபிடிச்சது தம்பி, எது மெஷின் கண்டுபிடிச்சது?"

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியின் மாடி அறை. 2025 கோடைக்காலம். நாற்பத்திரண்டு ஸ்லைடுகளில் பதினேழாவது திரையில் நின்றுகொண்டிருந்தது. கேட்டவர் முதலாளி, அறுபதைத் தாண்டியவர். நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்த அவர் மகள் எம்பிஏ படித்தவர். தன் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினார். நாங்கள் சொன்ன ஐந்து பரிந்துரைகளில் நான்கு அதிலும் இருந்தன. முந்தைய நாள் சாயங்காலம் சாட்ஜிபிடியில் கேட்டு எடுத்தாராம். மாசம் இரண்டாயிரம் ரூபாய் சந்தா. எங்கள் கட்டணத்தை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் பார்ட்னர் சிரித்துச் சமாளித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்ட மெஷினைக் கட்டியதே நான்தான்.

நான் அடிப்படையில் கோடு எழுதுகிறவன். கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ., சில வருஷம் சர்வீஸ் கம்பெனி, அப்புறம் ஒரு ஸ்டார்ட்அப், அது மூடியதும் இந்த கன்சல்ட்டிங் நிறுவனம். சேர்ந்த புதிதில் புரிந்துகொண்ட முதல் விஷயம், இந்தத் தொழிலின் சரக்கு அறிவு அல்ல, ஆள் என்பது. மேலே ஒரு பார்ட்னர், அவருக்குக் கீழே இரண்டு மேனேஜர், அடியில் காலேஜ் முடித்துவிட்டு வந்த ஏழெட்டு பிள்ளைகள். பார்ட்னரின் முகத்துக்காக க்ளையன்ட் வருவார். ஆனால் பில் ஏறுவது அடியில் இருக்கும் பிள்ளைகளின் நாட்கணக்கில். அவர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் அவர்கள் பேரில் போடும் பில்லுக்கும் இடையே உள்ள வித்தியாசம்தான் லாபம். சில வருஷத்தில் மேலே ஏறு, இல்லாவிட்டால் வெளியே போ. மெக்கின்சி போன்ற நிறுவனங்கள் பழக்கப்படுத்திய இந்த முறையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அடியில் இருப்பவர்கள் இதற்கு ஏன் ஒத்துக்கொண்டார்கள்? இரண்டு வருஷம் தூக்கத்தை விற்றால் அதன்பிறகு எங்கே வேண்டுமானாலும் நல்ல வேலை கிடைக்கும் என்ற பேச்சில்லாத ஒப்பந்தம். என் தலைமுறை அதை நம்பியது. ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில் போடுவதில் எங்களுக்கு ஒரு கேவலமான பெருமைகூட இருந்தது. 2024-இல் புனேயில் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்த 26 வயதுப் பெண் நான்கே மாதங்களில் இறந்துபோக, அவருடைய அம்மா நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் எல்லோருடைய போனிலும் வந்தது. அந்த வாரம் எங்கள் ஆபீஸில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. அடுத்த மாதம் யோகா வகுப்பு ஆரம்பித்தார்கள். மாலை ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் ஆபீஸை விட்டுக் கிளம்ப முடிந்தவர்கள் யாரும் இல்லாததால் யோகா டீச்சர் மட்டும் வந்து போனார்.

மெஷின் கதைக்கு வருகிறேன். மெக்கின்சி 2023-இல் லில்லி என்ற பெயரில், தன் பழைய அறிக்கைகளை எல்லாம் தேடிப் பதில் சொல்லும் ஒரு கருவியை வெளியிட்டது. அதன்பிறகு இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு லில்லி தேவைப்பட்டது. எங்களுக்கானதைக் கட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. க்ளையன்டின் எக்செல் கோப்புகளைக் கொடுத்தால் கணக்குப் பார்த்து, ஒப்பீடு போட்டு, ஸ்லைடு வரைக்கும் கொண்டுவந்துவிடும். இரண்டு ஜூனியர்கள் மூன்று வாரம் செய்யும் வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. எனக்குப் ப்ரமோஷன் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

பதினேழாவது ஸ்லைடு அதன் கைவண்ணம். பம்ப் கம்பெனியின் குடோனில் பழைய மாடல்களுக்கான இம்பெல்லர், ஷாஃப்ட், புஷ் என்று நூற்றுக்கணக்கான ஐட்டங்கள். சிலது வருஷத்துக்கு நாலோ ஐந்தோதான் போகும். கருவி அவற்றுக்கு 'டெட் ஸ்டாக்' என்று பேர் வைத்து, கழித்துக்கட்டினால் எவ்வளவு பணம் விடுபடும் என்று கணக்கும் போட்டிருந்தது. பாஸ்டன் கன்சல்ட்டிங் குரூப் 1970-இல் கொண்டுவந்த பிரபலமான நான்கு கட்டம் ஒன்று உண்டு. அதில் வளர்ச்சியும் இல்லாமல் சந்தையில் பங்கும் இல்லாமல் கிடப்பதற்கு 'நாய்' என்று பெயர். அமெரிக்காவில் எப்படியோ, எங்கள் ஊரில் ராத்திரி வீட்டைப் பார்த்துக்கொள்வது அதுதான்.

எங்கள் டீமில் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து பதினாலு மாதம். கருவி வந்ததால் அவளுக்கு ஸ்லைடு வேலை குறைந்திருந்தது. யாரும் சொல்லாமலே உடுமலைப்பேட்டையில் ஒரு டீலர் கடையில் போய் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறாள். மீட்டிங்குக்கு முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தாள்.

"அண்ணா, பதினேழாவது ஸ்லைடு தப்பு."

தென்னைக்கும் வாழைக்கும் தண்ணி பாயும்போது மோட்டார் நின்றுபோனால் விவசாயி அன்றைக்கே உதிரி கிடைக்கும் கடைக்குத்தான் போவார். பன்னிரண்டு வருஷப் பழைய பம்ப்புக்கு எந்தக் கம்பெனி சாமான் கையில் கிடைக்கிறதோ, அடுத்த பம்ப்பையும் அதே கம்பெனியில் வாங்குவார். டீலரும் அந்தக் கம்பெனியையே வைத்துக்கொள்வார். உதிரி விற்றது ஒரு கோப்பில், பம்ப் விற்றது வேறொரு கோப்பில். இரண்டையும் வாங்கியவர் ஒரே ஆள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. கடை பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குத் தெரிந்தது.

நான் சொன்ன பதில் இது: "காலைல பத்து மணிக்கு மீட்டிங்மா. இத எடுத்தா முதல் ஸ்லைடுல இருக்கற மொத்த சேமிப்புக் கணக்கே இடிக்கும். அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்கண்ணா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் முதலாளி அதே ஸ்லைடில்தான் நிறுத்தினார். "இந்தச் சாமானை எல்லாம் காயலான் கடைக்குப் போடச் சொல்றீங்க. இத நம்பித்தானுங்க டீலரு நம்மகிட்ட இருக்கறான்." அப்புறம்தான் அந்த மெஷின் கேள்வி. நான் அவளைப் பார்த்தேன். அவள் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வரி போதும். அவள் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

பார்ட்னர் நிலைமையைச் சரிசெய்ய, பலனைப் பொறுத்துக் கட்டணம் வாங்கிக்கொள்கிறோம் என்றார். இப்போது இந்தத் தொழிலில் எல்லோரும் பேசும் வழி இதுதான். நாட்கணக்குக்குப் பணம் கேட்டால் க்ளையன்ட் கொடுக்கமாட்டார், விற்பனை கூடினால் அதில் பங்கு கொடுப்பார். கேட்க நியாயமாக இருக்கிறது.

"மழை பெய்யலீன்னா கிணத்துல தண்ணி கீழ போகும், பம்ப்பு சேல்ஸ் ஏறும். அதுக்கும் உங்களுக்கு போனஸுங்களா?" என்றார் முதலாளி. ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். பார்ட்னர் கடைசிவரை பதில் சொல்லவில்லை. எந்தப் பலன் யாரால் வந்தது என்று பிரிப்பதற்கு என்னிடமும் கோடு இல்லை.

அந்த அக்டோபரில் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்தது. அரசின் வேலைவாய்ப்புத் துறைக்கு டெலாய்ட் எழுதிக்கொடுத்த அறிக்கையில், உலகத்தில் இல்லாத ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோளாக இருந்தன. நீதிமன்றத் தீர்ப்பில் இல்லாத ஒரு வரியும் இருந்தது. தயாரிப்பில் ஏஐ பயன்பட்டிருந்தது. சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலர் ஒப்பந்தத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். கண்டுபிடித்தவர் சிட்னி பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர். அறிக்கையை உட்கார்ந்து படித்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் செய்தியைக் கீழே வந்த கேலிகளோடு சேர்த்து மூன்று தடவை படித்தேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி, நாங்கள் இல்லை என்று. வெட்கம் அப்புறம்தான் வந்தது.

அவள் டிசம்பரில் ராஜினாமா செய்தாள். கடைசி நாளில் காபி குடிக்கப் போனோம். கோபம் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லண்ணா. ராத்திரி முழிக்கறது எனக்குப் பிரச்சனை இல்ல. எதுக்கு முழிக்கறேன்னு தெரியணும்" என்றாள். எங்கே சேர்கிறாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் தெரிந்தது. பம்ப் கம்பெனியிலிருந்து அடுத்த வேலைக்குக் கொட்டேஷன் கேட்டு மெயில், கீழே அவள் பெயர். மூன்று நிபந்தனைகள். கட்டணத்தில் பாதி, ஆறு மாதம் கழித்து அவர்கள் திருப்திப்பட்டால் மட்டும். அறிக்கையில் எந்த வரி கருவி எழுதியது என்று குறித்துத் தரவேண்டும். வேலை செய்யும் ஜூனியர்கள் குறைந்தது ஒரு மாதம் டீலர் கடைகளில் இருக்கவேண்டும்.

முதல் நிபந்தனைக்கு பார்ட்னர் பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டாவதற்கான கோடை ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்துவிட்டேன். மூன்றாவதற்கு யாரை அனுப்புவது என்று ஹெச்.ஆர்.-இடம் பட்டியல் கேட்டேன். கருவி வந்த பிறகு இந்த வருஷம் புதிதாக யாரையும் எடுக்கவில்லை என்று பதில் வந்திருக்கிறது.