ஒரே பேர்ல ரெண்டு டிஸ்க்!

வீடு மாறின அனுபவம் உண்டா உங்களுக்கு? கட்டில், பீரோ, கேஸ் அடுப்பு எல்லாத்தையும் ஒரே நாளில் தூக்கிட்டுப் போயிடலாம். ஆனா தபால் மட்டும் ஒரு மாசத்துக்குப் பழைய அட்ரஸுக்கே போய்க்கிட்டிருக்கும். என் முதல் வேலையில் நடந்ததும் கிட்டத்தட்ட இதே கூத்துதான்.

ஜாவா, கிளவுட்னு படிச்சுட்டு வந்த என்னை மெயின்ஃப்ரேம் டீமில் போட்டாங்க. 'தாத்தா காலத்து மிஷின்கிட்ட மாட்டிக்கிட்டோமே'ன்னு நொந்துபோனேன். அப்புறம்தான் தெரிஞ்சுது... ஒரே மிஷினுக்குள் பல விர்ச்சுவல் மிஷின்களை ஓட்டுற வித்தையை ஐ.பி.எம். 1972-லேயே 'வி.எம்./370'ன்னு அறிவிச்சாச்சு. அதோட இன்றைய வாரிசுதான் 'இஸட்/வி.எம்.'

எங்க வேலை, ஒரு வெளிநாட்டு கம்பெனியோட இஸட்/வி.எம். சிஸ்டத்தைப் பழைய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்கு மாத்தறது. இதில் ஒரு காமெடி கேளுங்க. 1989-ல் வந்த '3390' டிஸ்க்கோட கணக்குதான் இன்னமும் ஓடுது. அதில் மாடல் 3-ன்னா 3,339 சிலிண்டர், சிலிண்டருக்கு 15 டிராக். மொத்தம் சுமார் 2.8 ஜி.பி. உங்க பென் டிரைவே அதைவிடப் பெருசு! புதுப் பெட்டியும் 'நான்தான் 3390'ன்னு வேஷம் கட்டித்தான் மெயின்ஃப்ரேமோடு பேசும்.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஆறெழுத்தில் ஒரு லேபிள் உண்டு. சிஸ்டம் அந்தப் பேரை வெச்சுத்தான் டிஸ்க்கைத் தேடும். 'டி.டி.ஆர்.'ங்கிற புரோகிராம் டிஸ்க்கை அச்சு அசலா காப்பி பண்ணும். அச்சு அசல்னா, லேபிளையும் சேர்த்து! வம்பே அங்கேதான்.

சனிக்கிழமை ராத்திரி சிஸ்டத்தை நிறுத்தி, காப்பி எடுத்து, மறுபடி கிளப்பினோம். எல்லா மிஷினும் பளிச்னு ஓடுச்சு. 'சக்சஸ்'னு மெயில் அடிச்சு, அனுப்பப் போனேன்.

"டேய், கொயரி டாஸ்டி போட்டுப் பார்த்தியா?" - பின்னாலிருந்து சீனியர் அண்ணன்.

போட்டேன். எந்த லேபிள் எந்த அட்ரஸில் இருக்குன்னு வரிசையா வந்தது. எல்லாம் புதுப் பெட்டி நம்பர். ஒண்ணே ஒண்ணு மட்டும் பழைய நம்பர்! ஆஃப்லைன் பண்ண வேண்டிய லிஸ்ட்டில் அதை விட்டது சாட்சாத் அடியேன்தான். ஒரே பேர்ல ரெண்டு டிஸ்க்கைப் பார்த்த சிஸ்டம், பழசைப் பிடிச்சுக்கிச்சு.

திங்கட்கிழமை பழைய பெட்டியைக் கழட்டுறதா ஏற்பாடு. கழட்டியிருந்தா, ஞாயிறு முழுக்க அதில் எழுதின கணக்கெல்லாம் அதோடயே போயிருக்கும். கை நடுங்கிடுச்சுங்க.

மறுபடி நிறுத்தி, அந்த ஒரு டிஸ்க்கை மட்டும் திரும்ப காப்பி எடுத்து, பழைய அட்ரஸை ஆஃப்லைன் லிஸ்ட்டில் சேர்த்துக் கிளப்பினப்ப விடிஞ்சிருச்சு. அண்ணன் திட்டலை. டீ வாங்கிக் கொடுத்துட்டுச் சொன்னார்: "ஓடுதான்னு மட்டும் பார்க்காதே. எங்கேயிருந்து ஓடுதுன்னு பாரு."

உங்க புராஜெக்ட் ஃபைலும் லேப்டாப்பில் ஒண்ணு, பென் டிரைவில் ஒண்ணுன்னு ஒரே பேர்ல இருக்குமே? வைவாவுக்கு முந்தின ராத்திரி, எதைத் திருத்தினீங்கன்னு ஒரு தடவை பார்த்துடுங்க. பழசை அழிக்கிறதை அப்புறம் வெச்சுக்கலாம்!