பத்துப் பேரைக் கூட்டும் வேலை

"சங்கத்துல சேர்ந்தா என்னண்ணே குடுப்பாங்க?"

வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து ஊர்களில் உழவர் மன்றத்துக்கு ஆள் சேர்க்கப் போகிற எவருக்கும் முதலில் வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். சொட்டுநீர் மானியம், பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன் என்று எது வந்தாலும் சிட்டா, அடங்கல், ஆதார் ஜெராக்ஸ் கேட்டுத்தான் வந்திருக்கிறது. அதனால் நோட்டும் கையுமாக ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தாலே உள்ளே போய் ஜெராக்ஸை எடுத்து வந்துவிடுகிறார்கள். அதை வாங்கிக்கொண்டே போனால் பெயர்ப் பட்டியல் நீளும். கூட்டத்துக்கு ஆள் வராது.

மானியத்தைச் சொல்லி நான் யாரையும் அழைப்பதில்லை. தனியாக முடியாத ஒரு வேலையைச் சொல்லி, அதில் உங்கள் பங்கு இன்னது, வந்து செய்யுங்கள் என்று கேட்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்படியொரு வேலையைக் கொண்டுவந்தது அமெரிக்கப் படைப்புழு.

2018இல் கர்நாடகத்தில்தான் இந்தியாவிலேயே முதலில் அதைக் கண்டார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்துவிட்டது. குருத்துக்குள் புகுந்து தின்று, மரத்தூள் மாதிரி கழிவை அடைத்து வைக்கும் புழு அது. அவரவர் காட்டுக்கு அவரவர் மருந்தடித்தார்கள். ஆனால் இதன் தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. அதற்கு என் வரப்பு, உன் வரப்பு தெரியாது. ஒருவர் புரட்டாசியில் விதைத்து, பக்கத்துக் காட்டுக்காரர் ஐப்பசிக் கடைசியில் விதைத்தால், முந்தின காட்டில் பெருகிய பூச்சிக்குப் பிந்தின காட்டின் இளங்குருத்து தீனியாகிவிடும்.

கோடை உழவு போட்டு மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் பறவைக்கும் கொடுக்கலாம். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடலாம். வரப்போரம் தட்டைப்பயறு, எள் போடலாம், இனக்கவர்ச்சிப் பொறி கட்டலாம். இவ்வளவும் ஒருவரே செய்யக்கூடியவை. எல்லோரும் ஒரே சமயத்தில் விதைப்பதை மட்டும் ஒருவரால் செய்ய முடியாது. "மாமா, நீங்க என்னைக்கு விதைக்கப் போறீங்க?" என்று பக்கத்துக் காட்டுக்காரரிடம் கேட்டாக வேண்டும். எங்கள் மன்றம் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது. பொறியில் எத்தனை பூச்சி விழுந்தது என்று பார்க்க ஒருவர், புண்ணாக்கை மொத்தமாகப் பேசி ஒரே வண்டியில் இறக்க ஒருவர், வேளாண் அலுவலரை வரப்புக்கே கூட்டிவர ஒருவர். கையில் வேலை உள்ளவர் கூப்பிடாமலே வருகிறார்.

ஊருக்குள் ஒருவர் முன்நின்று இப்படிப் பத்துப் பேரைக் கூட்டுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. கிராமக் கடன் பிரச்சினையை ஆராய சென்னை மாகாண அரசு நியமித்த பிரெடரிக் நிக்கல்சன் 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். அவ்வளவு பெரிய அறிக்கையின் சாரம், ஜெர்மனியில் ஊதியமில்லாமல் கிராமக் கடன் சங்கங்களைக் கட்டிய ரைஃபைசனைப் போன்ற மனிதரைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். 1904 கூட்டுறவுச் சட்டம் பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் என்றது. 1982இல் நபார்டு வங்கி தொடங்கிய தொண்டர் திட்டம் 2005இல் உழவர் மன்றம் என்று பெயர் மாறியபோதும் கணக்கு பத்துப் பேர்தான். பத்துப் பேரைக் கூட்டச் சட்டம் போதும். அவர்களை அடுத்த மாதமும் வர வைக்க ஊருக்குள்ளேயே ஒருவர் வேண்டும்.

எங்கே கூடுவது என்பதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. பெரிய வீட்டுத் திண்ணையிலோ ஒரு சாதிக்குரிய மண்டபத்திலோ கூட்டம் போட்டால் யார் வரமாட்டார்கள் என்பது அன்றே முடிவாகிவிடும். நான் காட்டிலேயே, அதுவும் ஒவ்வொரு மாதமும் வேறொருவர் காட்டில் வைக்கிறேன். நேரம் மும்முனைக் கரண்டைப் பார்த்து. மோட்டார் ஓடுகிற நேரத்தில் எந்தச் சம்சாரியும் உட்காரமாட்டார். உட்காரச் சொல்வதும் தப்பு.

விலையைப் பற்றி நான் வாக்குக் கொடுப்பதில்லை. அய்யலூரிலோ ஒட்டன்சத்திரத்திலோ 14 கிலோ தக்காளிப் பெட்டி என்ன விலைக்குப் போகிறது என்று வண்டி ஏற்றுவதற்கு முன் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். அதற்கு மேல் எங்களால் முடியும் என்று சொன்னால் பொய்.

மாநில அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் ஒரு குழு, ஐந்து குழு சேர்ந்து 100 பேர், அவர்களுக்குக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் சந்தாக் கணக்கை எல்லார் முன்னும் வாசித்துப் பழகாத குழுவில் பவர் டில்லர் வந்து இறங்கினால், அது யார் வீட்டுக் கொட்டகையில் நிற்பது என்பதிலேயே மனஸ்தாபம் தொடங்கும். சந்தா மாதம் பத்து ரூபாயாக இருந்தாலும் சத்தமாக வாசிக்க வேண்டும்.

இப்போது எனக்குள்ள பெரிய கவலை பெண்கள். களையெடுக்கும்போது குருத்தில் புழுவை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள். பட்டா மாமனார் பேரிலோ கணவர் பேரிலோ இருப்பதால் மன்ற நோட்டில் அவர்கள் பேர் ஏறுவதில்லை. குத்தகைக்கு உழுகிறவருக்கும் இதே நிலைதான். "நமக்கு எதுக்குங்க, அவுக வருவாக" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அதனால் காலையில் பால் சொசைட்டியில் ஊற்ற வரும் நேரத்தில் அங்கேயே நின்று பேசுகிறேன். "மதினி, உங்க காட்டுல குருத்து எப்படியிருக்கு?" என்று கேட்டால் அவர் சொல்வது அலுவலர் குறித்துக்கொள்ளும் அளவுக்குத் துல்லியமாக இருக்கிறது. இந்தப் புரட்டாசிப் பட்டத்துக்கு விதைப்பு நாளைக் குறிக்கும் கூட்டத்தை அந்தப் பால் சொசைட்டி வாசலிலேயே வைக்கப்போகிறோம். காட்டில் பாடுபடுகிற எவர் பேரும் நோட்டில் ஏறும், பட்டா கேட்கமாட்டோம்.