பின்னால் ஆடும் தென்னை மரம்

வீடியோ காலில் ஒருவர் முகத்துக்குப் பின்னால் கடற்கரை. தென்னை ஓலை ஆடுகிறது, அலை வந்து வந்து போகிறது. அவர் இருப்பதோ அம்பத்தூரில் ஒரு மொட்டை மாடி அறையில்! டீ டம்ளரைக் கையில் எடுக்கிறார், டம்ளரைக் காணோம். வெறும் கை மட்டும் வாய்க்குப் போகிறது. கான்ஃபரன்ஸில் இருக்கும் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். இந்த மாயம் எப்படி நடக்கிறது?

யோசனை என்னவோ ரொம்பப் பழசு. பழைய படங்களில் ஹீரோ நிற்கிற காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்புவார். பின்னால் ஒரு திரையில், ஏற்கனவே எடுத்த சாலைப் படம் ஓடும். பிறகு நீலத் திரை வந்தது. 1940-ல் வெளியான 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' படத்தில் அதைப் பயன்படுத்திய லாரி பட்லருக்கு ஆஸ்கர் கிடைத்தது. டிஜிட்டல் காலத்தில் நீலம் பெரும்பாலும் பச்சையானது. கேமரா சென்சார்களில் சிவப்பு, நீலத்தைவிடப் பச்சைப் புள்ளிகள் இரண்டு மடங்கு இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

வீடியோ கால் மென்பொருளுக்குத் திரை கூட வேண்டாம். எது மனிதன், எது சுவர் என்று அதுவே ஊகிக்கிறது. கூகுள் மீட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று 2020-ல் கூகுள் பொறியாளர்களே எழுதியிருந்தார்கள். வேகத்துக்காக ஒவ்வொரு படத்தையும் 256-க்கு 144 புள்ளிகள் என்ற அளவுக்குச் சுருக்கி, அதில் ஆளை மட்டும் வெட்டியெடுத்து, பிறகு ஓரங்களைச் சரிசெய்கிறார்கள். இவ்வளவு சின்னப் படத்தில் தலைமுடி இழை எங்கே தெரியப் போகிறது? தலையில் வைத்த மல்லிகைப்பூ பாதி மறைவதும் காது ஓரம் பிய்ந்து பிய்ந்து வருவதும் இதனால்தான். டம்ளர் மனிதன் இல்லை, அதனால் அதுவும் போச்சு :-)

சரி, செய்முறைக்கு வருவோம். ஜூமில் செட்டிங்ஸுக்குள் 'பேக்ரவுண்ட்ஸ் அண்ட் எஃபெக்ட்ஸ்' என்ற பகுதி இருக்கும். கூட்டல் குறியை அழுத்தி வீடியோவைச் சேர்க்க வேண்டியதுதான். எம்பி4 அல்லது எம்ஓவி கோப்பாக இருக்க வேண்டும், 1080பி-க்கு மேல் போகக் கூடாது. கூகுள் மீட்டில் நகரும் பின்னணி 2021-ல் வந்தது. டீம்ஸில் 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இணையத்தில் கிடைக்கும் கடற்கரையைவிடச் சொந்தமாக எடுத்தது எப்போதும் அழகு. புத்தகங்களை அடுக்கி அதன் மேல் போனைச் சாய்த்து வைத்து, ஜன்னலையும் வெளியே இருக்கும் வேப்பமரத்தையும் அரை நிமிடம் எடுத்தால் போதும். கையில் பிடித்து எடுத்தால் வீடே படகு மாதிரி ஆடும், பார்ப்பவருக்குத் தலை சுற்றும். திரையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுவில் திடீரென்று இருட்டும். வீடியோ திரும்பத் திரும்ப ஓடும் என்பதால் முடிவும் தொடக்கமும் ஒட்ட வேண்டும். முன்னால் ஓட்டி அப்படியே பின்னால் ஓட்டுவது சுலபமான வழி. இலைக்கு இது சரிவரும். ஊதுபத்திப் புகைக்குச் சரிவராது, புகை பத்திக்குள்ளேயே திரும்பிப் போகும்! மின்விசிறியைப் படம் பிடிக்கவே வேண்டாம், அது கேமராவில் தலைகீழாகச் சுற்றுவது போலத் தெரியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அசையாத சுவரை ஒருமுறை அனுப்பிவிட்டால் வீடியோ மென்பொருளுக்கு அதில் அதிகம் வேலை இல்லை, மாறுவதை மட்டும் அனுப்பும். பின்னால் அலையடித்தால் ஒவ்வொரு நொடியும் எல்லாமே மாறுகிறது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா பேக்கில், வேகமும் குறைவாக இருந்தால், அலை அழகாகத் தெரிவதற்காக முகம் கட்டம் கட்டமாக உடையும். இது என்ன நியாயம்?

இதெல்லாம் விளையாட்டாகச் செய்பவர்களுக்கு. 2020-ல் ஆன்லைன் வகுப்பில் "கேமராவை ஆன் பண்ணு" என்ற உத்தரவு வந்தபோது பலருக்கு இது மானப் பிரச்சினை. ஒற்றை அறை வீடு. பின்னால் கொடியில் துணி, சுருட்டி வைத்த பாய், கட்டிலில் பாட்டி. கடற்கரை வேண்டுமென்று அந்த மாணவி ஆசைப்படவில்லை, நாற்பது பேர் பார்வையிலிருந்து பாட்டியை மறைத்தால் போதும். ஆனால் ஆளை வெட்டியெடுக்கும் வேலைக்கு வலுவான பிராசஸர் வேண்டும். யாரிடமோ வாங்கிய பழைய லேப்டாப்பில் ஜூம் முடியாது என்று கைவிரித்துவிடும். மறைக்க இடமில்லாத வீட்டில்தான் பழைய லேப்டாப்பும் இருக்கிறது!

இதற்கு ஒரு வழி, பட்லர் காலத்து வழிதான். பச்சைத் திரை இருக்கிறது என்று ஜூமில் டிக் செய்தால் கணினிக்கு வேலை குறையும், கொஞ்சம் பழைய பிராசஸரும் தாங்கும். கடையில் விற்கும் திரை தேவையில்லை. பூப்போடாத, ஒரே நிறப் பச்சைப் போர்வை போதும். சுருக்கம் இல்லாமல் இழுத்துக் கட்டி, இரண்டு மூன்று அடி முன்னால் உட்கார வேண்டும். ஒட்டி உட்கார்ந்தால் கன்னத்தில் பச்சை அடிக்கும். பச்சைச் சுடிதார் அன்றைக்கு ஆகாது.

துணி காயும் கொடியே கம்பி, நான்கு கிளிப்புகள் போதும். போர்வைக்கு அந்தப் பக்கம் பாட்டி நிம்மதியாகத் தூங்கலாம்.