ஏரியில் ஒரு பகல்

காவிரிக் கரையில் பிறந்தவன் நான். மாற்றலாகிச் சித்தூருக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. என் மக்களோ லாரியில் வரும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வளர்ந்தவர்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் நீராகவே இருக்கும் ஓரிடத்தை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்னும் ஆவல் நெடுநாளாக எனக்கு உண்டு.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில், சித்தூர், திருப்பதி அன்பர்களின் எட்டுக் குடும்பங்கள் பழவேற்காடு ஏரிக்குப் புறப்பட்டோம். பழவேற்காடு என்றதும் தமிழகத்து ஊர்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் விரிந்து கிடக்கிறது. 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது சூளூர்ப்பேட்டை, தடா வட்டாரங்கள் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தன. நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது இதுவே. கடலுக்கும் இதற்கும் இடையில் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு.

காளத்தி வழியாகத் தடாவை அடைந்து, பி.வி. பாளையம் துறைக்குச் சென்றோம். படகுச் சொந்தக்காரர் மூவர் அங்கே காத்திருந்தனர். ஒருவர் தனியே ஏரிக்குள் போவதில்லையாம்; சேர்ந்துதான் புறப்படுவார்களாம். ஏற்பாடுகள் என் பொறுப்பில் இருந்தன. எழுத்தர் புத்தி போகுமா? "நாங்கள் 32 பேர், பதினொருவர் குழந்தைகள். அவர்களை அரை டிக்கெட்டாகக் கொண்டால் இரண்டு படகு போதுமே!" என்று பேரம் பேசினேன்.

மூவரில் மூத்தவர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார். "ஏரியிலே அரை டிக்கெட் இல்லீங்க சார்" என்றார்.

மூன்று படகுகள் ஆயின. லைஃப் ஜாக்கெட்டும் கட்டாயம் என்றார். பட்டுப்புடவைமேல் அதை மாட்டத் தாய்மார்கள் தயங்கினர். "இடுப்பளவு தண்ணீருக்கு இது எதற்கு?" என்று நண்பர் ஒருவர் நகைத்தார். ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றது என்பது மெய்தான். "கீழே சேறு சார். கால் வெச்சா விடாது" என்றார் பெரியவர். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியின் தென்கோடியில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைச் சொன்னார். 2017-இல் கிருஷ்ணை ஆற்றில் மாண்டவர்களுள் பெரும்பாலோரும் ஒங்கோலிலிருந்து எங்களைப் போலவே குழுவாகச் சேர்ந்து சென்றவர்கள்தாம் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை.

தொலைவில் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு தெரிந்தது. பூநாரைகள்! பெரியவர் எஞ்சினை நிறுத்தி, மூங்கிற் கழியால் உந்தினார். மற்ற இருவரும் அவ்வாறே செய்தனர். அந்த அமைதியில் கழியிலிருந்து சொட்டும் நீரின் ஓசைகூடக் கேட்டது. திடீரெனப் பறவைகள் எழுந்தன. சிறகின் உட்புறம் சிவப்பும் கறுப்புமாய் விரிந்த அக்காட்சியை எவ்வாறு எழுதுவேன்! அனைவரும் ஒரே பக்கமாக எழுந்து நின்றோம். முதலில் எழுந்தவன் நானே, ஆறு வயது மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு.

படகு சாய்ந்தது. விளிம்பைத் தாண்டி நீர் என் முழங்காலில் அடித்தது.

"உட்காருங்க! கூர்ச்சோண்டி!" இரண்டு மொழியிலும் பெரியவர் கத்தினார். கழியை எதிர்ப்புறம் ஊன்றிக்கொண்டு தம் உடலையே எடையாக வைத்தார். மற்ற இரு படகுகளும் எங்களை நெருங்கி வந்து நின்றன. உட்கார்ந்தோம். படகு நிமிர்ந்தது. நகைத்த நண்பர் தம் ஜாக்கெட்டின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

கரை சேரும்போது மகள் என் மடியில் உறங்கிவிட்டாள். ஜாக்கெட்டைத் திருப்பித் தர வேண்டுமே என்று எழுப்பப் போனேன். பெரியவர் என் கையைத் தடுத்து, அவள் விழிக்காதபடி ஒவ்வொரு வாராகத் தாமே அவிழ்த்தார்.